மன்ஹாட்டன் என்று ஒரு தொகுதி இருந்தது: பழைய நகர சபைத் தேர்தலைப் படிக்கப் பழகுவோம்

1935-இல் நியூயார்க் நகர சபைக்குத் தேர்தல் நடந்தது. அப்போது அதற்கு ஆல்டர்மேன் சபை என்று பெயர். நகரத்தை 65 தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனநாயகக் கட்சிக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தது. கிடைத்த இடங்களோ 62. மற்றக் கட்சிகளுக்கு வாக்களித்த மூன்றில் ஒரு பங்கு மக்களுக்குச் சபையில் இருந்தவர்கள் மூன்றே பேர்.

யாரும் பெட்டியை மாற்றவில்லை, எண்ணிக்கையில் பிழை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் இந்தக் கணக்கு வரும். ஒரு தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்று விதி இருந்தால் நகரம் முழுக்கப் பரவலாக முன்னணியில் இருக்கிற கட்சி எல்லா இடத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். நம் ஊர் மாநகராட்சித் தேர்தல் முடிவுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அடுத்த நகர சபைத் தேர்தல் 1937-இல் வந்தபோது அந்த 65 தொகுதிகளும் இல்லை. மன்ஹாட்டன் தீவு முழுவதும் ஒரே தொகுதி ஆகிவிட்டது. அந்தத் தொகுதி ஐந்து தேர்தல்களைத்தான் கண்டது: 1937, 1939, 1941, 1943, 1945. கடைசியாக வென்றவர்களின் பதவிக்காலம் 1949-ஆம் ஆண்டு முடிவோடு தீர்ந்தது, தொகுதியும் போனது. இன்றைக்கு எந்த வரைபடத்திலும் அது கிடையாது. ஆனால் ஒரு தேர்தல் முறை மாறினால் சபையில் யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதைக் கண்கூடாகப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் இந்த ஒரு தொகுதியை வைத்துக்கொண்டே விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நியூயார்க் நகரம் ஐந்து பெரும் பகுதிகளால் ஆனது: மன்ஹாட்டன், புரூக்ளின், பிராங்ஸ், குயின்ஸ், அப்போது ரிச்மண்ட் என்று அழைக்கப்பட்ட ஸ்டேட்டன் தீவு. ஒவ்வொன்றையும் ‘பரோ’ என்பார்கள். 1937 முதல் ஒவ்வொரு பரோவும் நகர சபைக்கு ஒரு தொகுதி. ஆக, நாம் பேசும் தொகுதி ஒரு வார்டு அளவு அல்ல. லட்சக்கணக்கான வாக்காளர்கள் கொண்ட, பல உறுப்பினர்களை அனுப்பும் தொகுதி.

ஏன் மாற்றினார்கள்?

நியூயார்க் அரசியலில் பல பத்தாண்டுகளாகக் கோலோச்சிய அமைப்புக்கு டமானி ஹால் என்று பெயர். ஜனநாயகக் கட்சியின் மன்ஹாட்டன் கிளைதான் அது. வேலை வேண்டுமா, உரிமம் வேண்டுமா, வழக்கிலிருந்து தப்ப வேண்டுமா, அந்தந்தப் பகுதியின் கட்சிப் பெரியவரைப் பார்க்க வேண்டும். 1930 முதல் 1932 வரை சாமுவேல் சீபரி என்ற முன்னாள் நீதிபதி நடத்திய விசாரணையில் இந்த ஊழல் வலை வெளியே வந்தது. மேயர் ஜிம்மி வாக்கர் 1932 செப்டம்பரில் பதவி விலகினார். 1933-இல் ஃபியோரெல்லோ லா கார்டியா மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மேயர் மாறினாலும் சபை மாறவில்லை. ஊழல் வெளிவந்த பிறகு நடந்த தேர்தலிலும் 65-க்கு 62 என்றால், ஆளை மாற்றுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது என்று சீர்திருத்தவாதிகளுக்குப் புரிந்துவிட்டது. நகரத்துக்கு ஒரு புதிய சாசனம் எழுதினார்கள். அதோடு, நகர சபையை விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில், அதாவது விழுந்த வாக்கின் விகிதத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கும் முறையில் தேர்ந்தெடுக்கலாமா என்ற கேள்வியைத் தனியாக மக்களிடம் வைத்தார்கள். 1936 நவம்பரில் சுமார் 9,23,000 பேர் வேண்டும் என்றார்கள், சுமார் 5,55,000 பேர் வேண்டாம் என்றார்கள். முறை வந்துவிட்டது.

சரி, அந்த முறை என்ன?

அதன் பெயர் ஒற்றை மாற்று வாக்கு. பெயர்தான் பயமுறுத்தும். ஒரு வாக்காளருக்கு ஒரே வாக்கு, ஆனால் அந்த வாக்கு ஒரு வேட்பாளரிடமிருந்து இன்னொரு வேட்பாளருக்குப் போகக்கூடியது. வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில், முதல் விருப்பம் யாரோ அவர் பெயருக்கு எதிரே 1 என்று எழுத வேண்டும், அவர் இல்லாவிட்டால் யார் என்பதற்கு 2, அப்புறம் 3. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எண் போடலாம்.

இது நமக்கு அந்நியமானது இல்லை. தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்கு ஆறு இடங்கள் காலியாகும்போது, ‘ஒரு எம்.பி.க்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும்’ என்று செய்தித்தாள்கள் கணக்குப் போடுமே, அது இதே முறைதான். 234 எம்.எல்.ஏ.க்களை, இடங்களைவிட ஒன்று கூட்டி, அதாவது ஏழால் வகுத்து, வருவதற்கு அடுத்த முழு எண்ணை எடுத்தால் 34. அந்த அளவுக்கு வாக்கு வாங்கிவிட்டால் ஒருவர் ஜெயித்தாயிற்று. அதனால்தான் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியாக இருந்தாலும் ஓரிரு எம்.பி. கிடைக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், நியூயார்க்கில் எம்.எல்.ஏ.க்களுக்குப் பதில் பொதுமக்களே இப்படி வாக்களித்தார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஒரு ஊரில் ஆறு வார்டு, வார்டுக்கு 1,000 வாக்கு. ஒவ்வொரு வார்டிலும் ‘அ’ கட்சிக்கு 550, ‘ஆ’ கட்சிக்கு 250, ‘இ’ கட்சிக்கு 200. வழக்கமான முறையில் ஆறு வார்டும் ‘அ’ கட்சிக்கே. 45 சதவீதம் பேர் வேறு கட்சிகளுக்கு வாக்களித்தும் சபையில் அவர்களுக்கு ஒருவர்கூட இல்லை.

இப்போது வார்டு எல்லைகளை அழித்துவிட்டு, ஊர் முழுவதையும் ஆறு உறுப்பினர் தொகுதியாக்குங்கள். மொத்தம் 6,000 வாக்கு. மாநிலங்களவைக் கணக்குப்படி வெற்றி அளவு 858. ஒருவருக்கு அதற்கு மேல் விழுந்த வாக்கு, சீட்டில் அடுத்த எண் உள்ளவருக்குப் போகும்; எல்லோரும் முதலில் தங்கள் கட்சி வேட்பாளர்களுக்கே எண் போட்டதாக வைத்துக்கொள்வோம். ‘அ’ கட்சியின் 3,300 வாக்கில் மூன்று பேர் முழுசாக ஜெயித்து, 726 வாக்கு மிச்சம். ‘ஆ’ கட்சியின் 1,500-இல் ஒருவர், மிச்சம் 642. ‘இ’ கட்சியின் 1,200-இல் ஒருவர், மிச்சம் 342. ஐந்து இடம் முடிந்தது. ஆறாவது யாருக்கு? மிகக் குறைந்த வாக்கோடு நிற்கும் ‘இ’ கட்சியின் இரண்டாவது வேட்பாளர் விலக்கப்படுவார். அவரிடம் இருந்த 342 சீட்டுகளையும் எடுத்து, அவற்றில் அடுத்த எண் யாருக்குப் போட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலானவை ‘ஆ’வுக்குப் போனால் ஆறாவது இடம் ‘ஆ’வுக்கு. ஓரளவு ‘அ’வுக்குப் போனால் ‘அ’வுக்கு. முடிவு 4-1-1 அல்லது 3-2-1.

இங்கே கவனிக்க வேண்டியது, கடைசி இடத்தைத் தீர்மானிப்பது தோற்றுப்போன வேட்பாளருக்கு வாக்களித்தவர்கள். வழக்கமான முறையில் அவர்களுடைய வாக்கு அங்கேயே முடிந்துவிடும். இந்த முறையில் ஒரு வாக்கு வீணாவது மிகக் குறைவு. என்னை இந்த முறையின் பக்கம் இழுத்தது இந்த ஒரு அம்சம்தான்.

75,000 என்ற எண்

நியூயார்க் இந்த முறையில் தனக்கென ஒரு மாற்றம் செய்துகொண்டது. வெற்றி அளவை ஒவ்வொரு தடவையும் வகுத்துக் கண்டுபிடிக்கவில்லை, 75,000 என்று நிரந்தரமாக வைத்துவிட்டது. அதைவிட வேடிக்கை, தொகுதிக்கு எத்தனை இடம் என்பதும் முன்கூட்டியே தெரியாது. ஒரு பரோவில் விழும் செல்லத்தக்க வாக்குகளில் 75,000-க்கு ஒருவர், கடைசியில் 50,000-க்குக் குறையாமல் மிச்சம் இருந்தால் இன்னொருவர். மக்கள் திரண்டு வந்து வாக்களித்தால் இடம் கூடும், வராவிட்டால் குறையும்.

1937-இல் மன்ஹாட்டனுக்கு 6 இடம் கிடைத்தது. புரூக்ளினுக்கு 9, பிராங்ஸுக்கும் குயின்ஸுக்கும் தலா 5, ரிச்மண்டுக்கு 1. மொத்தம் 26. 1939-இல் சபையின் அளவு 21 ஆனது, 1941-இல் மறுபடி 26. போர்க்காலமான 1943-இல் ஏராளமானவர்கள் படையில் இருந்தார்கள், வாக்குப்பதிவு சரிந்தது, சபையும் 17 ஆகச் சுருங்கியது. 1945-இல் 23. பழைய தேர்தல் பட்டியல்களைப் பார்க்கும்போது இந்த ஏற்ற இறக்கம் பலரைக் குழப்பும். எல்லையை யாரும் திருத்தி எழுதவில்லை, வாக்குச்சாவடிக்கு வந்தவர்களின் எண்ணிக்கைதான் மாறியது.

இன்னொரு குழப்பமும் உண்டு. 75,000 தான் வெற்றி அளவு என்றால், அதற்குக் குறைவாக வாங்கியவர் எப்படி ஜெயித்தார் என்று தோன்றும். எல்லா வாக்காளர்களும் கடைசி எண் வரை எழுத மாட்டார்கள். இரண்டு பேருக்கு எண் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டவரின் சீட்டு, அந்த இருவரும் விலக்கப்பட்டால் வேறு யாருக்கும் போக முடியாமல் நின்றுவிடும். அதனால் வேட்பாளர்கள் ஒவ்வொருவராக விலகி, மிச்சம் நிற்பவர்களும் மிச்சம் இருக்கும் இடங்களும் சமமானதும், அளவை எட்டாவிட்டாலும் அவர்கள் வென்றதாக அறிவிப்பார்கள்.

ஆகவே இந்தக் காலத்து முடிவுப் பட்டியல் கையில் கிடைத்தால் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, முதல் சுற்றில் வேட்பாளருக்கு விழுந்த ‘1’ எத்தனை. இரண்டு, கடைசிச் சுற்றில் அவர் கணக்கில் நின்றது எத்தனை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, மற்ற வேட்பாளர்களை விரும்பியவர்களிடமும் அவருக்கு எவ்வளவு நல்ல பெயர் என்பதைக் காட்டும். ஒரு கூட்டத்துக்குள் மட்டும் செல்வாக்கு உள்ளவர் பெரிய எண்ணோடு ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவார். பலருக்கும் பிடித்த இரண்டாவது ஆள் சிறிய எண்ணில் ஆரம்பித்து மெல்ல மேலே ஏறுவார்.

எண்ணும் கூடம்

இந்த முறைக்கு வாக்கு இயந்திரம் உதவாது, காகிதச் சீட்டுதான் வேண்டும். ஒவ்வொரு பரோவின் சீட்டுகளையும் பெரிய ராணுவப் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஒரே இடத்தில் எண்ணினார்கள். 1937-இல் முதல் தடவை என்பதால் யாருக்கும் பழக்கம் இல்லை. கட்சி தேர்ந்தெடுத்துத் தராமலேயே, தேவையான கையெழுத்துகளைத் திரட்டி யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதால் வேட்பாளர் கூட்டமும் அதிகம். எண்ணிக்கை வாரக்கணக்கில் இழுத்தது.

ஒரு சீட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். அதில் 1 ஒரு சுயேச்சைக்கு, 2 தொழிலாளர் கட்சிக்காரர் ஒருவருக்கு, 3 லா கார்டியாவை ஆதரித்த ஃபியூஷன் கட்சிக்காரர் ஒருவருக்கு. முதலில் அது சுயேச்சையின் சீட்டுக் கட்டில் போய்ச் சேரும். அவர் கடைசியில் நிற்பதால் விலக்கப்படுவார். எண்ணுபவர் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு சீட்டாகத் திருப்பி, 2 எங்கே என்று விரலால் தேடி, அந்தச் சீட்டைத் தொழிலாளர் கட்சிக்காரரின் கட்டில் சேர்ப்பார். அவர் ஏற்கனவே 75,000 எட்டிவிட்டாரா? அப்படியானால் அங்கே இதற்கு வேலை இல்லை, 3-ஐப் பார்த்து அடுத்த கட்டுக்குப் போகும். லட்சக்கணக்கான சீட்டுகளுக்கு இதைக் கையாலேயே செய்தார்கள். எதிர்ப்பாளர்கள் இந்தத் தாமதத்தைப் பெரிய குறையாகச் சொன்னார்கள். அடுத்தடுத்த தேர்தல்களில் வேகம் கூடியது. என் பார்வையில், நான்கு லட்சம் பேருக்கு மேல் எழுதிய விருப்பங்களைப் பொறுமையாகப் படித்த வாரங்கள் வீண் போன வாரங்கள் அல்ல.

முதல் தேர்தலிலேயே சபையின் முகம் மாறிவிட்டது. டமானி வழிவந்த அமைப்புக்குச் சரிபாதி, அதாவது 26-இல் 13 தான் உறுதியாகக் கிடைத்தது. மீதிப் பாதியில் அமெரிக்கத் தொழிலாளர் கட்சி, ஃபியூஷன், குடியரசுக் கட்சி, அதிருப்தி ஜனநாயகவாதிகள் எல்லாம் கலந்து இருந்தார்கள். மன்ஹாட்டனிலிருந்து வந்த பி. சார்னி விளாடெக், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் வந்த நாளிதழ் ஒன்றின் பொது மேலாளராக இருந்த சோசலிஸ்ட். அவரே எதிரணியின் தலைவரானார். 1938-லேயே காலமாகிவிட்டார். புரூக்ளினிலிருந்து ஜெனிவீவ் ஏர்ல் என்ற பெண்மணி வந்தார், நகர சபையின் முதல் பெண் உறுப்பினர். 1949 வரை நீடித்தார்.

ஹார்லெமிலிருந்து ஒரு பாதிரியார்

மன்ஹாட்டனின் வடபகுதியில் இருக்கிறது ஹார்லெம். கறுப்பின மக்களின் பெரிய குடியிருப்பு. பழைய ஆல்டர்மேன் சபைக்கு அங்கிருந்து கறுப்பின உறுப்பினர்கள் போனதுண்டு. புதிய முறையில் நடந்த முதல் இரண்டு தேர்தல்களில் ஒருவரும் ஜெயிக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை நேர்மையாக இருக்காது. விகிதாசார முறை வந்த உடனே எல்லாம் தானாகச் சரியாகிவிடாது. ஒரு சமூகத்தின் வாக்கு பல வேட்பாளர்களிடம் சிதறி, மற்றவர்களிடமிருந்து மாற்று வாக்கும் வராவிட்டால் இங்கேயும் தோல்விதான்.

1941-இல் ஆடம் கிளேட்டன் பவல் நின்றார். அபிசீனிய பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர், வயது 32. அந்த ஆண்டுதான் ஹார்லெமில் கறுப்பினத்தவருக்கு ஓட்டுநர் வேலை தர மறுத்த பேருந்து நிறுவனங்களை மக்கள் புறக்கணித்தார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் பவல். நிறுவனங்கள் இறங்கி வந்தன. போக்குவரத்துத் தொழிற்சங்கமும் உடன்பாட்டில் சேர்ந்தது. இப்படிப்பட்டவருக்கு ஹார்லெமின் ‘1’ எல்லாம் திரண்டதில் வியப்பில்லை. தீவின் மற்ற பகுதிகளில் தொழிலாளர் கட்சியினரும் லா கார்டியா ஆதரவாளர்களும் அவருக்கு எண் போட்டார்கள். நியூயார்க் நகர சபை என்ற புதிய அமைப்பின் முதல் கறுப்பின உறுப்பினர் ஆனார். நகரக் கல்லூரிகளின் ஆசிரியர் குழுக்களில் கறுப்பினத்தவர் ஏன் இல்லை என்று சபையில் கேள்வி எழுப்பினார்.

அதே 1941 தேர்தலில், அதே தொகுதியில், ஸ்டான்லி ஐசக்ஸும் வென்றார். யூதர், குடியரசுக் கட்சிக்காரர், அதற்கு முன் நான்கு ஆண்டுகள் மன்ஹாட்டன் பரோவின் தலைவராக இருந்தவர். ஒரே தொகுதி ஒரே நாளில் ஹார்லெம் போதகரையும் இவரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் ஜெயிக்க மற்றவர் தோற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் பல உறுப்பினர் தொகுதியின் அழகு.

1943-இல் பவல் மறுபடி நகர சபைக்கு நிற்கவில்லை. அவர் பார்வை வாஷிங்டன் பக்கம் திரும்பியிருந்தது, 1944-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அவர் இடத்துக்கு அவருடைய ஆதரவோடு நின்றவர் பெஞ்சமின் டேவிஸ். ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பினத்தவர், ஹார்வர்டில் சட்டம் படித்தவர், கம்யூனிஸ்ட் கட்சியின் வெளிப்படையான உறுப்பினர். வென்றார். 1945-இல் மறுபடி வென்றார். புரூக்ளினில் பீட்டர் கக்கியோனே என்ற கம்யூனிஸ்ட் 1941 முதலே சபையில் இருந்தார்.

டேவிஸும் ஐசக்ஸும் அரசியலில் எதிரெதிர் துருவம். ஆனாலும் சேர்ந்து வேலை செய்தார்கள். மன்ஹாட்டனில் ஸ்டைவசண்ட் டவுன் என்ற மாபெரும் குடியிருப்பை ஒரு காப்பீட்டு நிறுவனம் கட்டத் திட்டமிட்டது. நகரம் அதற்கு வரிச்சலுகை கொடுத்தது. கறுப்பினத்தவருக்கு அங்கே வீடு கிடையாது என்று நிறுவனம் சொன்னது. நிறம் பார்த்து வீடு மறுக்கும் குடியிருப்புகளுக்கு இனி வரிச்சலுகை இல்லை என்ற சட்டத்தை 1944-இல் இந்த இருவரும் கொண்டுவந்தார்கள். ஏற்கனவே ஒப்பந்தமான ஸ்டைவசண்ட் டவுனை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆனால் கதவு அங்கிருந்துதான் திறக்கத் தொடங்கியது. 65-க்கு 62 என்றிருந்த பழைய சபையில் இப்படி இருவர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

எப்படிப் போனது?

இந்த முறையை ஒழிக்கப் பல முயற்சிகள் நடந்தன. 1938-இல் மாநில அளவிலான வாக்கெடுப்பில் கேட்டார்கள், தோற்றார்கள். 1940-இல் நகரத்தில் கேட்டார்கள், அதுவும் தோற்றது. இரண்டு தடவையும் மக்கள் முறையைக் காப்பாற்றினார்கள்.

1947-இல் காற்று மாறிவிட்டது. போர் முடிந்து, சோவியத் ஒன்றியத்தோடு பகை முற்றிய நேரம். சபையில் இரண்டு கம்யூனிஸ்ட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இந்த முறைதான் அவர்களை உள்ளே விட்டது என்ற பிரசாரம் நகரம் முழுக்கப் பரவியது. ஏதோ மாஸ்கோவிலிருந்து வந்த சரக்கு போலப் பேசினார்கள். உண்மையில் இது 1850-களில் டென்மார்க்கில் கார்ல் ஆண்ட்ரேயும் இங்கிலாந்தில் தாமஸ் ஹேரும் தனித்தனியே கண்டுபிடித்த முறை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஆஷ்டபுலா நகரம் 1915-லேயே ஏற்றுக்கொண்டது. ரஷ்யப் புரட்சிக்கு இரண்டு ஆண்டு முந்தி.

பயம் வென்றது. 1947 நவம்பரில் சுமார் 9,35,000 பேர் முறையை நீக்கச் சொன்னார்கள், சுமார் 5,86,000 பேர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 1936 முடிவைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தது போன்ற எண்கள்.

கம்யூனிஸ்ட்களை எதிர்த்தவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 1945-இல் கம்யூனிஸ்ட் வேட்பாளர்களுக்கு நகரம் முழுக்க ஏறக்குறைய 9 சதவீத முதல் வாக்கு விழுந்தது. 23 இடத்தில் 2 இடம் என்றால் அதுவும் 9 சதவீதம்தான். ஜனநாயகக் கட்சிக்கு 59 சதவீத வாக்கு, 14 இடம், அதாவது 61 சதவீதம். குடியரசுக் கட்சிக்கு 3, தொழிலாளர் கட்சிக்கு 2, லிபரல் கட்சிக்கு 2. ஒரு கண்ணாடி நம் முகத்தில் பிடிக்காத ஒன்றைக் காட்டுகிறது என்பதற்காகக் கண்ணாடியையே உடைத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த உடைப்பில் குடியரசுக் கட்சியும் லிபரல்களும் சேர்ந்தே அடிபட்டார்கள்.

1949-இல் பழையபடி தொகுதிக்கு ஒருவர். மாநில செனட் தொகுதிகளின் எல்லைகளையே எடுத்துக்கொண்டு 25 இடம் வகுத்தார்கள். ஜனநாயகக் கட்சிக்குச் சுமார் 53 சதவீத வாக்கு. முந்தைய தேர்தலைவிடக் குறைவு. கிடைத்த இடம் 24. மிச்சமிருந்த ஒரே ஒருவர் ஸ்டான்லி ஐசக்ஸ்.

டேவிஸ் அந்தத் தேர்தலில் ஹார்லெம் தொகுதியில் நின்றார். ஜனநாயக, குடியரசு, லிபரல் கட்சிகள் மூன்றும் சேர்ந்து எர்ல் பிரவுன் என்ற கறுப்பினப் பத்திரிகையாளரை எதிரே நிறுத்தின, டேவிஸ் தோற்றார். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்புதான், அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்கச் சொல்வதைக் குற்றமாக்கிய ஸ்மித் சட்டப்படி கம்யூனிஸ்ட் தலைவர்கள் மீது போடப்பட்ட வழக்கில் அவர் தண்டிக்கப்பட்டிருந்தார். பதவிக்காலம் முடிய ஒரு மாதம்போல இருக்கும்போது சபை அவரை வெளியேற்றியது. கக்கியோனே 1947-லேயே இறந்துவிட்டார். அவர் இடத்துக்குக் கட்சி சொன்ன ஆளைச் சபை ஏற்கவில்லை.

பிறகு வந்தது

ஐசக்ஸ் தனி ஆளாக இருந்தும் சோர்ந்துபோகவில்லை. டேவிஸைத் தோற்கடித்து வந்த எர்ல் பிரவுனோடு கைகோத்தார். அரசு உதவி பெற்ற குடியிருப்புகளில் இன பேதம் கூடாது என்ற சட்டம் 1951-இல் வந்தது, அது பிரவுன்-ஐசக்ஸ் சட்டம். 1957-இல் தனியார் வீடுகளுக்கும் அதை விரித்த சட்டத்திலும் இருவர் பெயரும் உண்டு. 1944-இல் டேவிஸோடு தொடங்கிய வேலைதான் இது. ஐசக்ஸ் 1962-இல் இறக்கும்வரை சபையில் இருந்தார்.

ஒற்றைக் கட்சிச் சபையை நினைத்து நகரமும் பின்னால் சங்கடப்பட்டிருக்க வேண்டும். 1963-இல் பரோவுக்கு இரண்டு பேர் வீதம் பொது உறுப்பினர்களைச் சேர்த்தார்கள். ஒரு கட்சி ஒருவரைத்தான் நிறுத்தலாம், வாக்காளர் ஒருவருக்குத்தான் வாக்களிக்கலாம். ஆக இரண்டில் ஒன்று கட்டாயம் வேறு கட்சிக்குப் போகும். ஆனால் மக்கள்தொகையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்த புரூக்ளினுக்கும் ஸ்டேட்டன் தீவுக்கும் ஒரே எண்ணிக்கை என்பது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் அந்த இடங்களும் போயின.

1, 2, 3 என்று எண் போடும் சீட்டு நியூயார்க்குக்குத் திரும்பி வந்திருக்கிறது. 2019-இல் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள், 2021-இல் கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும், நகரம் முழுவதற்குமான உட்கட்சித் தேர்தலில் பயன்பட்டது. ஐந்து பேர் வரை எண் போடலாம், கடைசியில் நிற்பவர் விலக, சீட்டு அடுத்தவருக்குப் போகிறது. எண்ணுவது கணினி. ஆனால் பெயர் ஒத்திருப்பதை வைத்து இரண்டையும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. இப்போது நகர சபையில் 51 தொகுதி, ஒவ்வொன்றிலும் ஒருவர்தான் ஜெயிக்க முடியும். சிறுபான்மைக் கருத்துக்கு இடம் கிடைத்தது எண் போட்டதால் மட்டும் அல்ல, ஒரே தொகுதியில் ஆறு நாற்காலி இருந்ததால். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரம் இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறது. அங்கே 1941 முதல் நகரம் முழுவதும் ஒரே தொகுதி, ஒன்பது உறுப்பினர்கள், இன்றைக்கும் அப்படியே.